தோளில் ஏற்கும் அறம்

நோய் வந்தபின் உண்ணும் மருந்தையும் நோய் வருமுன் இட்டுக்கொள்ளும் தடுப்பூசியையும் ஒரே இனத்தவையாக எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டையும் மருத்துவரே தருகிறார். இரண்டுக்கும் மருந்தகத்தில் வரிசையில் நிற்கிறோம். இரண்டுக்கும் பணம் கட்டுகிறோம். ஆயினும் அறநோக்கோடு ஆராய்வார்க்கு இவ்விரண்டினிடையே பெரியதொரு வேறுபாடு புலப்படும். நான் உண்ணும் மருந்தால் நலம்பெறுபவன் பெரும்பாலும் நான் ஒருவனே. நான் இட்டுக்கொள்ளும் தடுப்பூசியால் நலம்பெறுவோர் யார் யார் என்பதை நானே அறியேன். என்னிடம் வந்து தங்கவேண்டிய கிருமி தங்காது போனமையால், என்னிடமிருந்து அதனைப் பெற்றிருக்கவேண்டிய ஒருவர் இன்று நலமாக நடமாடுகிறார். அவர் என் தாயாக இருக்கலாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்த, முன்பின் அறியாத முதியவராகவும் இருக்கலாம்.

திருக்குறளைக் கற்பிப்போரும் கற்போரும் அதன் அதிகார வைப்பு முறையை நன்கறிவர். 'மருந்து' என்னும் அதிகாரம் பொருட்பாலில் நிற்கிறது. 'ஒப்புரவறிதல்', 'இன்னாசெய்யாமை' என்னும் அதிகாரங்கள் அறத்துப்பாலில் நிற்கின்றன. தன் உடலைத் தான் பேணுவது வாழ்வை நடத்தும் திறன். பிறர்க்குத் தீங்கு நேராமற் காப்பதும், உலகநடை அறிந்து உதவுவதும் அறம். இவ்வைப்பு முறையை மனத்திற்கொண்டு ஒரு வினாவை எழுப்பலாம். வள்ளுவர் காலத்தில் இல்லாத தடுப்பூசியை நாம் எந்தப் பாலில் வைப்பது? சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் எதிரான தடுப்பூசிகளை எடுத்துக்கொண்டு, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரை நடுவில் நிறுத்தி, இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்ப்பாற்றல் குன்றியோர் யாவர்?

எதிர்ப்பாற்றல் குன்றியோர் என்றதும் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒருவரையே பலரும் கற்பனை செய்கின்றனர். உண்மை வேறு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், அவ்வுறுப்பை உடல் வெளியே தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்கிறார். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரின் வெள்ளணுக்கள் அம்மருந்தாலேயே குறைகின்றன. மண்ணீரல் அகற்றப்பட்டவர், எச்ஐவி கிருமியோடு வாழ்பவர், மூட்டுவாதத்திற்காக நெடுநாள் ஸ்டீராய்டு உண்பவர், வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர் ஆகிய அனைவரும் இவ்வரிசையைச் சேர்ந்தவர்களே. முதுமையும் நெடுநாள் நீரிழிவும் எதிர்ப்பாற்றலை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் குடும்பத்திலேயே கண்டறிவோம்.

இவர்கள் நெற்றியில் எந்த அடையாளமும் எழுதப்பட்டிருப்பதில்லை. அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் நம்மோடு ஏறுகிறார்கள். தேக்கா சந்தையில் கீரை வாங்குகிறார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய இரவில் சிராங்கூன் சாலையின் நெரிசலில் நம் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள். நமக்கு மூன்று நாள் இருமலாக வந்து போகும் ஒன்று, அவர்களுக்கு மூன்று வாரம் மருத்துவமனையாகவும், சிலருக்கு முடிவாகவும் அமைந்துவிடுகிறது.

சளிக்காய்ச்சலும் நிமோனியாவும் தனித்தனி நோய்கள் எனினும், ஒன்று மற்றொன்றிற்கு வாயில் திறந்துவிடும் இயல்புடையது. சளிக்காய்ச்சல் வைரஸ் மூச்சுக்குழாயின் உட்புறத்தைச் சிதைக்கிறது. சிதைந்த இடத்தின் வழியே நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்குகின்றன. 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் இறந்தவர்களுள் மிகப் பலர், வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவாலேயே மாண்டனர் என்று பிற்கால ஆய்வாளர் கண்டனர். அக்கொள்ளைநோய் சிங்கப்பூரையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவிலோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. 1957ஆம் ஆண்டின் உலகப் பரவலின்போது இந்நகரில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் வகைக்கு 'ஏ/சிங்கப்பூர்/1/57' என்று அறிவியலுலகம் பெயரிட்டது. நம் நகரின் பெயரைத் தாங்கிய நோய்க்கிருமியும் உண்டு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

குளிர்நாடுகளில் சளிக்காய்ச்சல் பனிக்காலத்தோடு வந்து பனிக்காலத்தோடு போகும். வெப்பமண்டல நகரமாகிய இங்கு அதற்கு விடுமுறை கிடையாது. ஆண்டு முழுதும் உலவி, ஆண்டின் நடுவிலும் ஆண்டின் இறுதியை ஒட்டியும் இருமுறை உயர்ந்து அடங்குகிறது. நிமோனியாவோ சிங்கப்பூரின் மரணக் காரணங்களுள் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே இது ஏட்டளவில் எழுப்பிய வினாவன்று. நம் தெருவிலும் நம் வீட்டிலும் விடை வேண்டி நிற்பது.

ஊசியின் வலிமையும் எல்லையும்

நிமோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் 1881ஆம் ஆண்டில் பிரான்சில் பாஸ்டராலும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்காலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. சர்க்கரைப் பொருளாலான ஓர் உறையை அது போர்த்திக்கொண்டிருக்கிறது. அவ்வுறையின் வேறுபாட்டால் அதில் நூறு வகைகள் வரை உள்ளன. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற காப்பு மற்றொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது. 1977இல் 14 வகைகளுக்கும் 1983இல் 23 வகைகளுக்கும் எதிரான தடுப்பூசிகள் அமெரிக்காவில் புழக்கத்திற்கு வந்தன. ஆயினும் வெறும் சர்க்கரை உறையைக் கொண்டு செய்த ஊசி, குழந்தைகளிடத்தும் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடத்தும் போதிய நினைவை ஊன்றவில்லை. அவ்வுறையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடல் அதனைத் தெளிவாக அடையாளம் கண்டு நெடுநாள் நினைவில் வைக்கிறது என்பது தெரியவந்தது. அம்முறையில் அமைந்த தடுப்பூசி 2000ஆம் ஆண்டில் 7 வகைகளோடு வந்தது. 2021இல் 20 வகைகள் வரை வளர்ந்தது.

இதன் பயனை அளந்தறிய நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 84,500 பேரைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடந்தது. 2015இல் வெளியான அதன் முடிவின்படி, 13 வகைத் தடுப்பூசி, தான் குறிவைத்த வகைகளால் வரும் நிமோனியாவை ஏறத்தாழ 46 விழுக்காடும், அவ்வகைகள் இரத்தத்திலும் பிற உறுப்புகளிலும் பரவும் கொடிய நிலையை 75 விழுக்காடும் குறைத்தது. நல்ல பயனே. ஆனால் இங்கு ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்கவேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியோர் அவ்வாய்வில் தொடக்கத்திலேயே சேர்க்கப்படவில்லை. யாருக்கு ஊசி மிகுதியும் தேவையோ, அவர்களை வெளியே நிறுத்திவிட்டே பயன் அளக்கப்பட்டது. ஆய்வு முறையில் இதற்குத் தக்க காரணங்கள் இருக்கலாம். ஆயினும் வலியோரை அளவுகோலாக வைத்து மெலியோருக்கு மருந்து வகுப்பது உலக வழக்கமாக இருந்து வந்துள்ளது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வழக்கத்தை மாற்ற முயன்றவர்களும் உண்டு. உகாண்டாவில் எச்ஐவி கிருமியோடு வாழ்ந்த வயதுவந்தோர்க்கு 23 வகைத் தடுப்பூசி கொடுத்துப் பார்த்தனர். அது காப்பளிக்கவில்லை என்னும் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 'இவர்களுக்குத் தடுப்பூசியால் பயனில்லை' என்று அத்தோடு கைகழுவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், புரதத்தோடு பிணைத்த புதிய ஊசியை மலாவியில், பெரும்பாலும் எச்ஐவி கிருமியுடையோர்க்கே கொடுத்து ஆராய்ந்தனர். முன்பு ஒருமுறை கொடிய நிமோகாக்கஸ் நோய்க்கு ஆளாகித் தப்பியவர்கள் அவர்கள். குறிவைத்த வகைகளால் அந்நோய் மீண்டும் தாக்குவதை அவ்வூசி 74 விழுக்காடு தடுத்தது என்று 2010இல் அறிவித்தனர். ஒருமுறை தோற்றதற்காக மெலிந்தோரைக் கைவிடாமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சளிக்காய்ச்சல் ஊசியின் கதை வேறு. அவ்வைரஸ் தன் உருவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை வகைகளைத் தேர்ந்து அறிவிக்கிறது. தேர்ந்த வகையும் உலவும் வகையும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில், நோயுற்று மருத்துவரிடம் செல்லும் நிலையை அது 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. முதியோரிடத்தும் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடத்தும் இவ்வளவு பயனை எதிர்பார்ப்பதற்கில்லை. காரணம் எளிது. தடுப்பூசி தானாகப் போரிடுவதில்லை. உடலின் படைக்குப் பயிற்சி தருகிறது. பயிற்சி பெறவேண்டிய படையே மெலிந்திருப்பின் ஆசான் என் செய்வான்?

இதனால் அவர்கள் ஊசி இட்டுக்கொள்வது வீண் என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. பாதிக் காப்பேனும் அவர்களுக்குப் பெருங்காப்பு. வலியவன் ஒருவன் தவிர்ப்பது ஒருவாரக் காய்ச்சல். மெலிந்தவன் தவிர்ப்பது மரணமாக இருக்கலாம். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த ஊசிகளையும் மூக்கில் தெளிக்கும் வகையையும் இவர்கள் தவிர்க்கவேண்டும். செயலிழக்கச் செய்த கிருமியாலான ஊசி இவர்களுக்கு நோயை உண்டாக்காது. மண்ணீரலை அகற்றுவதற்கும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தைத் தொடங்குவதற்கும் முன்பே, இயன்றால் இரண்டு வாரமேனும் முன்னதாக, நிமோகாக்கஸ் ஊசி இட்டுக்கொள்வது சிறப்பு. தத்தம் நிலைக்கேற்ற ஊசியையும் காலத்தையும் மருத்துவரைக் கேட்டறிவது அவர்கள் தமக்குத் தாம் ஆற்றவேண்டிய கடன்.

மற்றொரு பாதி எங்கே?

பாதிக் காப்பு அவர்கள் தோளில் இருக்கிறது எனின், எஞ்சிய பாதி எங்கே இருக்கிறது? அது நம் தோள்களில் இருக்கிறது. இது கவிதைக்காகச் சொல்லும் சொல்லன்று. கணக்கெடுத்துக் கண்ட உண்மை.

ஜப்பான் நாடு 1962ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி போடத் தொடங்கிற்று. 1977இல் அதனைக் கட்டாயமாக்கிற்று. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்று தளர்த்திற்று. 1994இல் அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. பின்னர் ஆய்வாளர் அந்நாட்டின் மரணக் கணக்குகளை எடுத்துப் பார்த்தனர். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட ஆண்டுகளில் குளிர்கால மரணங்கள் தாழ்ந்திருந்தன. திட்டம் தளர்ந்ததும் மீண்டும் உயர்ந்தன. அவ்வாறு இறந்தோருள் மிகப் பலர் முதியோர். ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்கு இட்ட ஊசியால் ஓர் உயிர் காக்கப்பட்டது என்று 2001இல் வெளியான அவ்வாய்வு மதிப்பிட்டது. ஊசியை ஏற்றவர்கள் பேரப்பிள்ளைகள். பிழைத்தவர்கள் பாட்டன் பாட்டியர். தாம் ஒருவரைக் காத்தோம் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தம்மைக் காத்தவர் யார் என்பது அம்முதியோருக்கும் தெரியாது.

நிமோகாக்கஸிலும் இதுவே நிகழ்ந்தது. அக்கிருமி பெரும்பாலும் சிறு குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் நோய் செய்யாமற் குடியிருக்கிறது; அங்கிருந்து பெரியோருக்குத் தாவுகிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு ஊசி போடவே, ஊசியே இட்டுக்கொள்ளாத முதியோரிடத்தும் அவ்வகைகளால் வரும் கொடிய நோய் குறைந்தது. சிங்கப்பூர் 2009இல் இவ்வூசியைத் தன் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையிற் சேர்த்தது. நம் குடும்பங்களில் தாய் தந்தையர் வேலைக்குச் செல்ல, பேரக்குழந்தையை வளர்ப்பவர் பாட்டியே. ஒரே தட்டில் பிசைந்து ஊட்டுவதும், மடியிற் கிடத்தி முத்தமிடுவதும் நம் வாழ்வின் இனிமை. அவ்வினிமை நஞ்சாகாதிருக்க வேண்டுமாயின் பாட்டியின் தோளிலும் பேரனின் தோளிலும் ஊசி ஏறவேண்டும்.

மறுப்புரைகளும் விடைகளும்

இதற்கு எழும் மறுப்புகளை நேர்மையோடு ஆராய்வது நம் கடன்.

'என் உடல் என் உரிமை; அதில் எதை ஏற்றுவது என்பதை நானே முடிவுசெய்வேன்' என்பது முதல் மறுப்பு. உடல்மீது உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் இழுக்கும் மூச்சு எனக்குரியதாயினும், நான் விடும் மூச்சு விட்ட கணமே பொதுவாகிவிடுகிறது. அடைத்த பேருந்தில் இருமுகிறவன் தன் உடலின் எல்லையைத் தாண்டிவிடுகிறான். உரிமையைப் பற்றிய பேச்சு அந்த எல்லையிலேயே கடமையைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

'ஊசியால் தீங்கு நேர்வதும் உண்டே' என்பது இரண்டாவது மறுப்பு. இதனை ஏளனம் செய்து ஒதுக்குவது அறமாகாது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்கா பன்றிச் சளிக்காய்ச்சலுக்கு அஞ்சி நான்கு கோடிக்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போட்டது. இலட்சத்தில் ஒருவர் என்னும் அளவில் நரம்புகளைத் தளர்த்தும் கியான்-பரே நோய் கூடுதலாகத் தோன்றவே, அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. தீங்கு உண்மையில் நேர்ந்தது, மறைக்கப்படவும் இல்லை. ஆயினும் பெரும்பாலோர்க்கு நேர்வது கைவலியும் ஓரிரு நாள் உடல் அசதியுமே. நமக்கு நேரும் ஒருநாள் கைவலியையும் மற்றவருக்கு நேரும் மரணத்தையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு எப்பக்கம் தாழும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. உடல்நிலை காரணமாக ஊசியை ஏற்க இயலாதவர் சிலர் உண்டு. அவர்களைப் பழிப்பதற்கில்லை, அவர்களையும் காக்கும் பொறுப்பு நம் தோள்களில் கூடுகிறது.

மூன்றாவது மறுப்பு நாகரிகமாகப் பேசுவது, அதனாலேயே கொடியது. 'மெலிந்தவர்கள் வீட்டோடு இருந்துகொள்ளட்டுமே' என்பது அது. இச்சொல்லின் உட்பொருளை நோக்குக. வலியவனுக்கு ஊசி முனையளவு தொல்லையும் கூடாது. அதற்காக மெலிந்தவர் கோயிலையும் கடைத்தெருவையும் உறவினர் திருமணத்தையும் துறந்துவிட வேண்டுமாம். ஒருவருடைய ஆண்டுகளை மற்றொருவருடைய நிமிடங்களுக்கு விலையாகக் கேட்பது எந்த நீதி?

தமிழ்ச் சமுதாயம் இவ்வாறு எண்ணியதில்லை என்பதற்கு ஒரு பழைய வழக்கமே சான்று. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அதைக் கண்ட அயலார் உள்ளே நுழையார். அவ்வீட்டாரும் விழாவுக்கும் விருந்துக்கும் வெளியே செல்லார். 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நம் முன்னோர் நோய் தீர வேண்டி நின்றபோது, இவ்வழக்கத்தையும் உடன்கொண்டே வந்திருந்தனர். அவ்வேப்பிலையின் பின்னிருந்த நம்பிக்கை எதுவாயினும், அதன் நெறி தெளிவானது. நோயைத் தாங்கியிருப்பவன் பிறரை விட்டு விலகி நிற்கவேண்டும் என்றது அது. 'நோய்க்கு அஞ்சுகிறவன் ஒதுங்கிப் போகட்டும்' என்று சொல்லும் நாகரிகம் அந்நெறியைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 1987ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. வேண்டாம் என்று முன்னரே எழுதிக் கொடாதவர் இறந்தபின், அவர் உறுப்பைப் பிறர்க்கு அளிக்க இசைந்தவராகவே அச்சட்டம் கொள்கிறது. முதலில் சிறுநீரகத்தோடு தொடங்கியது பின்னர் விரிவடைந்தது. இறந்தவர் உடலிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து வாழ்வோர்க்கு அளிப்பதை ஒரு சமுதாயமாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவ்வுறுப்பைப் பெற்று உயிர்பெற்றவர், அதைக் காக்கும் மருந்தாலேயே எதிர்ப்பாற்றல் இழந்து நிற்கிறார். சிறுநீரகத்தை மனமுவந்து தந்த சமுதாயம், அவரை அலட்சியமான ஓர் இருமலுக்குப் பலிகொடுக்கலாமா? அப்பெருங்கொடையை ஏற்றுக்கொண்ட நமக்கு இச்சிறு கொடை பெரும் பாரமாகுமோ?

சட்டம் நிற்கும் இடம்

அவ்வாறாயின் சட்டமிட்டுக் கட்டாயப்படுத்திவிடலாமே என்று சிலர் கேட்பர். தொண்டை அடைப்பான் தடுப்பூசி இங்கு 1962 முதலும் தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதலும் குழந்தைகளுக்குச் சட்டப்படி கட்டாயம். அவை ஒருமுறை முறையாக இட்டால் நெடுங்காலம் நிற்பவை, உறுதியான காப்பளிப்பவை. சளிக்காய்ச்சல் ஊசியோ ஆண்டுதோறும் இடவேண்டியது; அதன் பயனும் ஆண்டுக்காண்டு மாறுவது. இத்தகைய ஒன்றை ஒவ்வொரு குடிமகன் தோளிலும் ஆண்டுதோறும் சட்டத்தால் ஏற்றுவது எளிதன்று; நன்றன்று என்றும் வாதிடலாம். கோவிட் நோய்க்காலத்தில், 2021இல், ஊசி இட்டுக்கொள்ளாதோர் உணவகங்களுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் செல்வதில் கட்டுப்பாடுகள் வந்தன. 2022இல் அவை நீக்கப்பட்டன. நெருக்கடிக்குரிய கருவியை நாள்தோறும் கையில் ஏந்தித் திரிவதற்கில்லை.

சுகாதார அமைச்சு வேறு வழியை மேற்கொண்டது. 2017இல் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையை வகுத்தது. 65 வயதானோர்க்கும், நாள்பட்ட நோயுடையோர்க்கும், எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் சளிக்காய்ச்சல் ஊசியையும் நிமோகாக்கஸ் ஊசியையும் பரிந்துரைத்தது. 2020 நவம்பர் முதல் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் திட்டத்திற் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் மானியம் கிடைக்கச் செய்தது. மெடிசேவ் கணக்கிலிருந்தும் கட்டணத்தைச் செலுத்தலாம். அரசு வாயிலைத் திறந்துவிட்டிருக்கிறது. உள்ளே நடந்து செல்லவேண்டியவர் நாம்.

இந்நகரில் மக்கள் ஒன்றுகூடி நோயை எதிர்த்த வரலாறு உண்டு. 1958இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, ஏறத்தாழ இரண்டு இலட்சம் குழந்தைகளுக்குச் சேபினின் வாய்வழிச் சொட்டுமருந்து அளிக்கப்பட்டது. அக்காலத்தில் அது உலகிற்கே புதியது. அம்முயற்சியை விவரித்து 1959இல் வெளியான ஆய்வுரையின் ஆசிரியர்களுள் டாக்டர் கனகரத்தினமும் ஒருவர் என்பது தமிழர் நினைவில் வைக்கத்தக்கது. சட்டம் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது; அறம் தானாக நடந்து செல்வது. அடுத்த வீட்டுக் குழந்தையும் தம் குழந்தையே என்று ஒரு நகரம் நினைக்கும்போது தானாக நடப்பது எளிதாகிறது.

நாம் பட்ட கடன்

தடுப்பூசி இலவசமாக வானத்திலிருந்து இறங்கியதன்று. 1911ஆம் ஆண்டில் ஆம்ரத் ரைட் என்னும் அறிஞர் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்று, நிமோகாக்கஸுக்கு எதிரான ஊசியை முதன்முதலாகப் பெருமளவில் போட்டுப் பார்த்தார். வெப்பநாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நெருக்கமான கொட்டடிகளில் அடைந்து கிடந்த கறுப்பினத் தொழிலாளர் நிமோனியாவால் கொத்துக் கொத்தாக மடிந்த காலம் அது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1970களில், ராபர்ட் ஆஸ்திரியன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அதே நாட்டின் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடத்தேதான் தம் ஊசியைச் சோதித்துப் பயன் கண்டார். அச்சோதனையின் வழியே வந்ததே 1977ஆம் ஆண்டின் தடுப்பூசி. ஆக, இன்று நகரங்களின் முதியவர் தோளில் ஏறும் ஊசியின் வரலாற்றில், ஊர் விட்டு ஊர் வந்து உழைத்த ஏழைகளின் உடல்கள் இருக்கின்றன. அவ்வூசி இந்தியக் குழந்தைகளின் பொது அட்டவணையில் ஒருசில மாநிலங்களில் 2017இலும், நாடு முழுவதும் 2021இலுமே இடம்பெற்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வரும் நம் வெளிநாட்டு ஊழியர்களை நோக்கும்போது இவ்வரலாறு நம்மை உறுத்தவேண்டும். அவர்களும் ஊர் விட்டு வந்தவர்களே. விடுதிகளில் பலர் ஓரறையில் உறங்குகிறவர்களே. 2020இல் கோவிட் நோய் அவ்விடுதிகளில் எவ்வாறு பரவிற்று என்பதை நாடே கண்டது. அட்டவணைக்குரிய மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. மானியம் குடியுரிமையைப் பார்க்கிறது, கிருமி பார்ப்பதில்லை. அவர்களை வேலைக்கு அமர்த்தியோர் ஆண்டுக்கு ஓர் ஊசிச் செலவை ஏற்பார்களாயின், அது ஈகையாகாது. நெடுநாட் கடனில் ஒரு சிறு தவணையே ஆகும்.

பள்ளியிலிருந்து தொடங்குக

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது யாது? முதலாவதாக, நம் பாராட்டுகளை நாம் மறுஆய்வு செய்யவேண்டும். ஒருநாளும் விடுப்பெடுக்காத மாணவனை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். காய்ச்சலோடும் வந்து பாடம் நடத்திய ஆசிரியரைக் கடமை வீரர் என்கிறோம். அக்காய்ச்சல் வகுப்பில் யாருக்குப் போயிற்று, அவர் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. காய்ச்சலுற்ற நாளில் மருத்துவ விடுப்பெடுத்து வீட்டிலிருப்பதும் கடமையே என்று கற்பிக்கும் துணிவு வேண்டும்.

இரண்டாவதாக, அறப்பாடத்தை இக்காலத்து எடுத்துக்காட்டுகளோடு நடத்தவேண்டும். இன்னா செய்யாமை என்பது கத்தியெடுத்துக் குத்தாமையோடு முடிந்துவிடுவதன்று. அறியாமற் செய்யும் தீங்கையும் அறிந்துகொள்ள முயல்வதும், தடுக்க வழியிருந்தும் தடுக்காதிருப்பதைத் தவிர்ப்பதும் அதனுள் அடங்கும். ஒப்புரவு என்பது பணம் படைத்தவர்க்கு மட்டும் உரியதன்று. உடல்வலிமையும் ஒரு செல்வமே. அச்செல்வம் உடையவன் அதில் ஒரு துளியை மெலிந்தவனுக்காகச் செலவிடுவதே நோய்க்காலத்து ஒப்புரவு.

மூன்றாவதாக, வீட்டுக்கு வீடு மொழியின் பாலமாக நிற்கவேண்டும். நம் முதியோரிற் பலர்க்கு ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் பயன்படாது. 'ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும்' என்று அவர்கள் அஞ்சுவார்களாயின், அதில் உயிருள்ள வைரஸ் இல்லை என்பதையும், ஓரிரு நாள் தோன்றும் அசதி உடல் பயிற்சி பெறுவதன் அடையாளம் என்பதையும் தூய எளிய தமிழில் எடுத்துச் சொல்லவேண்டியவர் தமிழ் கற்ற பேரப்பிள்ளைகளே. மொழி உயிர் காக்கும் இடம் இதுவன்றோ?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். எதிர்ப்பாற்றல் குன்றியவர் தம்மைக் காத்துக்கொள்ள இடும் ஊசி மருந்தின் பாற்படும். பொருட்பாலில் அதற்கு இடமுண்டு. உடல்வலிமை உடையவர் தமக்கு அத்துணைத் தேவை இல்லாதபோதும், பெயரறியாத ஒருவருக்காக இட்டுக்கொள்ளும் ஊசி அறத்தின் பாற்படும். அதற்கு நன்றி சொல்ல எவரும் வரமாட்டார். பிழைத்தவருக்கே தாம் பிழைத்தது தெரியாது. கைம்மாறு கருதாமை என்று நாம் ஏட்டிற் படித்து வந்தது, இங்கு கைம்மாற்றுக்கே வழியில்லாத நிலையில் நிற்கிறது. அதனாலேயே அது அறங்களுள் தூயது எனலாம்.

வீட்டில் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஒருவர் இருப்பின், அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அவருக்குரிய ஊசிகள் எவை என்று கேளுங்கள். கேட்டபின், அடுத்து உங்கள் சட்டைக் கையை மடித்துவிடுங்கள்.